பாட்டும் படைக்கலமும்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1982 அக்டோபர் முதல் 1983 ஜூன் வரை 36 பகுதிகளாக ஒளிபரப்பான 'மாக்ராஸ்' என்னும் அசைவூட்டச் சித்திரத் தொடர், விண்வெளிப் போரையும் இளம் பாடகி ஒருத்தியின் வாழ்வையும் ஒருங்கே பின்னிய படைப்பாகும். நோபொரு இஷிகுரோ இயக்கிய இத்தொடரில், பாடகி லின் மின்மேக்குக் குரல் வழங்கியவர் மாரி ஈஜிமா.

செண்ட்ராடி எனப்படும் பேருருவினர் போரன்றிப் பிறிதொன்றும் அறியாதவர். பாடலும் காதலும் அவர்கட்குப் புதியன. மின்மேயின் பாட்டைக் கேட்ட அளவில் அவர்தம் உள்ளம் கலங்குகின்றது. 27ஆம் பகுதியில் அப்பாட்டே மானிடரின் படைக்கலமாகி வெற்றி தேடித் தருகின்றது. எனினும் அதற்குள் நிலவுலகம் எரிந்து பாழாகிவிடுகின்றது.

கதை அவ்வெற்றியோடு முடிந்திருப்பின் வெறுங் கேளிக்கையாகவே நின்றிருக்கும். எஞ்சிய 9 பகுதிகளே இதனை உயர்த்துகின்றன. அமைதியில் வாழப் பழகாத செண்ட்ராடியர் பலர் மீண்டும் கலகம் விளைக்கின்றனர். பகைவரை உருக்கிய பாடகியோ புகழ் மங்கி, தன் வழி தெரியாது தவிக்கின்றாள்.

1984இல் வெளிவந்த திரைப்படம் ஓவிய நேர்த்தியில் தொடரை விஞ்சியது. ஆயின் பாட்டின் வெற்றியோடு நின்று, இப்பிற்பகுதியைக் கைவிட்டது. அழகு கூடிற்று, பொருள் குறைந்தது. பாட்டு ஒருகணத்தில் மனக்கதவைத் திறக்கலாம். திறந்த மனத்திற்கு வாழக் கற்பிப்பதோ நெடும்பணி. தொடர் அதனை மறைக்கவில்லை.