அரக்கரை அறிதல்: காட்டேரித் தொடரும் கம்பரின் இரணியனும்

இரத்தக் காட்டேரிகளைப் பற்றிய அசைவூட்டத் தொடரொன்றைக் கிறிஸ்தவ இளைஞர் காணலாமா, அதன் பாத்திரங்களை வியக்கலாமா என்னும் வினா நம் வாலிபர் ஐக்கிய சங்கங்களில் இன்று எழாதிருக்க இயலாது. கைப்பேசி வழியாக இத்தகைய தொடர்கள் வீடுதோறும் புகுந்துவிட்டன. 'காண வேண்டா' என ஒரு சொல்லில் விடையிறுத்தல் ஆயருக்கு எளிது. ஆயினும் அவ்விடை, வினவிய இளைஞரின் உள்ளத்தில் நிகழ்ந்ததைத் தொடுவதில்லை. தீயவன் ஒருவனுக்காக அவர் கண்ணீர் விட்டிருக்கிறார்; அது சரியா, தவறா என்பதே அவர் கேட்பது. ஆகவே நாம் இங்கு ஆராய முற்படுவது இதுவே: தீயோனை அன்பும் அறிவும் துயரமும் உடையவனாக வரைந்து காட்டும் கலை, தீமையைப் பற்றிய நம் உணர்வைக் கூர்மையாக்குகிறதா, மழுங்கச் செய்கிறதா?

இவ்வினாவுக்கு விடை தேடத் திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். இதே வினாவைக் குறித்துப் புலவர்கள் வழக்காடியதாகத் தமிழ் மரபு கூறும் இடம் அதுவே. அங்குச் செல்லுமுன் அத்தொடரைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

'காஸில்வேனியா' என்னும் அத்தொடர் ஜப்பானிய நிகழ்பட விளையாட்டொன்றைத் தழுவியது. வாரன் எல்லிஸ் எழுத, 2017 முதல் 2021 வரை நான்கு பருவங்களாக, 32 பகுதிகளில் வெளிவந்தது. 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் புதினத்தால் உலகெங்கும் பெயர் பெற்ற டிராகுலாவே இதிலும் தலைமைத் தீயோன். கதை பதினைந்தாம் நூற்றாண்டு வல்லாக்கியாவில் நிகழ்கிறது. லீசா என்னும் பெண் மருத்துவம் கற்க விரும்பித் தனியளாய் அவனது கோட்டைக்கு வருகிறாள். அவனை மணந்து, மனிதரை வெறுத்தவனுக்கு மனிதரிடையே நடக்கக் கற்பிக்கிறாள். அவள் நோயாளிகளைக் குணப்படுத்தியதைச் சூனியமென்று தீர்ப்பிட்டு, அந்நாட்டுப் பேராயர் அவளை உயிரோடு எரிக்கிறார். டிராகுலா மனித குலம் முழுவதன்மேலும் பழி தீர்க்கப் புறப்படுகிறான். அவனை எதிர்த்து நிற்பவருள் ஒருவன் அவனுடைய சொந்த மகன்.

இத்தொடரில் கொடுமைக் காட்சிகள் மிகுதி. சிறுவர் காணத் தக்கதன்று. எனினும் அதன் பாத்திரப் படைப்பைக் குறைவாக மதிப்பிட நம்மால் இயலவில்லை. இரண்டாம் பருவத்தின் முடிவில் தந்தையும் மகனும் கோட்டையெங்கும் பொருதுகொண்டே, மகன் குழந்தைப் பருவத்தில் வாழ்ந்த அறைக்குள் வந்து விழுகின்றனர். பிள்ளையின் பொருள்களைக் கண்ட டிராகுலா, தன் மகனையே தான் கொன்றுகொண்டிருப்பதை உணர்ந்து கை ஓய்கிறான்; மகன் கையால் மாள்கிறான். ஐசக் என்னும் மற்றொருவன் அடிமையாய் அடியுண்டு வளர்ந்து, மனிதரை வெறுத்து, டிராகுலாவின் படைக்கு ஆள் சேர்த்தவன். பழிவாங்கும் பயணத்தினிடையே தன் வாழ்வின் நோக்கத்தைத் தானே வினவத் தொடங்கி, அழிப்பதை விடுத்து ஆக்குவதைத் தெரிந்துகொள்கிறான். தீமை எவ்வாறு ஒருவனுள் வேர்விடுகிறது, எந்த இடத்தில் அவன் திரும்பக் கூடும் என்பவற்றை இவ்விருவர் வழியாகத் தொடர் காட்டுகிறது.

மாறாக, பேராயர் என்னும் பாத்திரம் தட்டையானது. அவருக்குப் பெயரில்லை, ஐயமில்லை, ஒரு நல்ல நினைவும் இல்லை. காட்டேரிகளுக்கு இரங்கிய எழுத்தாளர், திருப்பணியாளர் ஒருவர் எவ்வாறு கொலைஞராகிறார் என்பதை ஆராயவில்லை. அதுவே நாம் அறிய வேண்டியதாயிருந்தது.

இனித் திருவரங்கம் செல்வோம். அரங்கநாதர் கோயிலில் தாயார் சந்நிதிக்கு அருகே கம்பர் மண்டபம் என வழங்குவது ஒன்றுண்டு. இராமாயணத்தைக் கம்பர் அங்கு அரங்கேற்றினார் என்பது வழிவழிச் செய்தி. யுத்த காண்டத்தின் இரணியன் வதைப் படலம் வந்தபோது, 'இது வான்மீகத்தில் இல்லை' என்று புலவர்கள் தடை கூறினர் என்றும், அண்மையிலுள்ள மேட்டழகிய சிங்கர் சந்நிதியின் நரசிங்கர் முழங்கித் தலையசைத்து ஏற்றார் என்றும் மரபு சொல்லும். இதனை வரலாறாக நாம் கொள்ள வேண்டுவதில்லை. கம்பரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் எனக் கொள்வோரே பலர். அரங்கேற்றத்துக்கு அதனினும் மிக முந்திய காலத்தைக் கூறும் மரபும் உண்டு. ஆனால் மரபு உணர்த்தும் கருத்து தெளிவானது. எந்த அவுணனைக் கொல்ல அச்சிங்கம் தூணில் தோன்றியதோ, அந்த அவுணனின் பெருமை பேசும் கவியை அச்சிங்கமே ஏற்றுக்கொண்டது.

கம்பரின் இரணியன் எத்தகையவன்? தவத்தால் பெருவரம் பெற்றவன். எல்லா உலகும் தன் பெயரையே ஓதச் செய்தவன். மகன் பிரகலாதன் ஆசிரியர் கற்பித்த அப்பெயரை விடுத்துத் திருமாலின் பெயரை ஓதினான் என்று கேட்டவுடன் அவன் வாளை உருவவில்லை. தன்னைத் தொழுத மகனை, மார்பில் பூசிய சுண்ணம் அவன்மேல் படியுமாறு இறுகத் தழுவி, அருகில் அமர்த்தி, முழுவதும் நோக்கி, 'ஆசிரியர் வெகுளும்படி நீ கூறிய பிழை யாது?' என வினவுகிறான். திருமாலை அவன் வெறுப்பதற்குக் காரணமும் உண்டு: அவனுடைய தம்பி அத்திருமாலின் கையால் மாண்டவன். அன்புள்ள தந்தை, உடன்பிறந்தானை இழந்தவன், அஞ்சாத வீரன் என்னும் மூன்றையும் கம்பர் மறைக்கவில்லை.

பின்பு அதே தந்தை மகனைக் கொல்லப் படைக்கலத்தையும் நெருப்பையும் நஞ்சையும் யானையையும் ஏவுகிறான். இங்கே கம்பரின் நுட்பத்தை நோக்குதல் வேண்டும். அன்பு அவனிடம் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவ்வன்பு, மகன் தன் நீட்சியாய் இருக்குமளவும் மட்டுமே நின்ற அன்பு. தன் பெயரைச் சொல்லாத மகனை அவனால் மகனாகக் காண முடியவில்லை.

தூண் பிளந்து சிங்கம் தோன்றியபின், கவி அவனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பைத் தருகிறார். இப்போதேனும் வணங்கினால் செய்த கொடுமைகளை இறைவன் பொறுத்தருள்வான் என்று மகன் தந்தையை வேண்டுகிறான். கொல்லப்படவிருந்தவன் கொல்ல முயன்றவனுக்காகப் பரிந்து பேசும் இடம் இது. இரணியனோ, 'நீ காணவே இச்சிங்கத்தின் தோளையும் தாளையும் வெட்டி, உன்னையும் துணித்து, பின்பு என் வாளை வணங்குவேனேயன்றி வேறெவரை வணங்குவேன்? மகளிரின் ஊடலிலும் வணங்கி அறியேன்' என்னும் பொருள்பட உரைத்து நகைக்கிறான். அவ்வீரத்தை வியவாதிருக்க முடியாது. அதே சொல்லில் அவன் கேடும் முடிவாகிறது. எது அவனை உயர்த்தியதோ அதுவே அவனைத் திரும்பவொட்டாமல் தடுத்தது.

டிராகுலாவின் முடிவை இதனோடு ஒப்பிடுக. இருவரும் தந்தையர், இருவரும் மகனோடு மாறுபட்டவர். ஒருவன் கடைசிக் கணத்தில் மகனை அடையாளம் கண்டு உடைகிறான். மற்றவன் கடைசிக் கணத்திலும் காண மறுக்கிறான். முன்னது நம் கண்ணீரைப் பெறுகிறது. பின்னது நம்மை அச்சுறுத்துகிறது. கம்பர் அத்தோடு நிற்கவுமில்லை. தந்தையைத் தன் கண்முன்னே பிளந்தும் மனந் தளராத மகனை நரசிங்கர் பாராட்டும்போது, அது தாங்குதற்கரிய துயரம் என்பதும் உடன் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பின், அம்மகனின் குலத்தார் எல்லையற்ற குற்றங்கள் செய்யினும் அவர்களை இனிக் கொல்வதில்லை என்னும் வாக்கும் அளிக்கப்படுகிறது. அவுணர் குலம் அழிக்கப்பட வேண்டிய குலமாக அன்று, அருள் பெற்ற குலமாக அப்படலத்தின் முடிவில் நிற்கிறது.

இப்படலத்தை யார், யாரிடம் கூறுகின்றனர் என்பதே நம் வினாவுக்கு உயிர்நிலை. வீடணன் தன் அண்ணன் இராவணனுக்கு எச்சரிக்கையாக இதனைக் கூறுகிறான். இரணியன் ஒரு சிறியோனாக வரையப்பட்டிருந்தால் இராவணன் அதில் தன்னைக் கண்டிருக்க வழியில்லை. கேட்பவனினும் பெரியவனாக வரைந்தால்தான், 'இவனுக்கே இக்கதியெனில் எனக்கு யாது?' என்னும் எண்ணம் பிறக்கும். நாத்தான் தாவீதிடம் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னதும் (2 சாமுவேல் 12) இம்முறையைச் சார்ந்ததே. தாவீது கதையில் தன்னைக் கண்டான். இராவணனோ காணவில்லை. வளர்த்த தந்தையின் மார்பு பிளக்கப்பட்டபோது மகிழ்ந்த மகனுக்கும், பகைவனோடு நட்புக் கொள்ளும் உனக்கும் வேறுபாடில்லை என்று தம்பியைக் கடிந்து துரத்துகிறான். அக்கதையைச் சுவைத்தான், தீயோன் பக்கம் நின்றான், அதனாலேயே அழிந்தான்.

ஆகவே பன்முகம் கொண்ட தீயோனைப் போற்றுவதில் இரு வகை உண்டு. இராவணன் போற்றியது ஒரு வகை: தீயோனின் மானத்தையும் துயரத்தையும் தன் செயலுக்கு நியாயமாக்கிக்கொள்வது. வீடணன் எதிர்பார்த்தது மற்றொரு வகை: அப்பெருமை எங்கே திரிந்தது என்று கண்டு அஞ்சுவது. காட்டேரித் தொடரைக் காணும் இளைஞரிடம் நாம் வினவ வேண்டியது, 'ஏன் பார்த்தாய்?' என்பதன்று, 'எவ்வகையில் பார்த்தாய்?' என்பதே.

இங்கு மறுப்பொன்று எழும். அரக்கர் என்றும் அவுணர் என்றும் பெயரிட்டவர் யார்? பாரதிதாசன் 1934-இல் அரங்கேறிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் இவனையே ஆரியச் சூழ்ச்சிக்குப் பலியான தமிழ் வேந்தனாக்கினார். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1948-இல் தடை செய்யப்பட்டு 1971-இல் விடுவிக்கப்பட்டது. இழிபெயர் சூட்டி மக்களை ஒதுக்கும் வழக்கத்துக்கு எதிரான குரல் இவற்றில் ஒலிக்கிறது. ஒதுக்கப்பட்டோர் பலரைத் தன்னகத்தே கொண்ட தமிழகத் திருச்சபை அதனைச் செவிமடுக்கக் கடமைப்பட்டது. எனினும் கருப்பை வெளுப்பாகவும் வெளுப்பைக் கருப்பாகவும் மாற்றுவதால் பாத்திரம் ஆழம் பெறுவதில்லை. குற்றமற்ற இரணியனும் குணமற்ற இரணியனும் நமக்குக் கற்பிப்பவை குறைவே.

திருமறை இவ்வகையில் கம்பருக்குப் பின்தங்கியதன்று. சவுல் ஆவியானவரால் ஆட்கொள்ளப்பட்டவன், பொறாமையால் அழிந்தவன், அவனுக்காகப் புலம்பியவன் அவனால் வேட்டையாடப்பட்ட தாவீது. யூதாஸ் பன்னிருவரில் ஒருவன். வெள்ளிக்காசுகளைத் திருப்பி எறிந்தவன். ஆயின் நம் பிரசங்கங்களில் சவுல் வெறும் பொறாமைக்காரனாகவும், யூதாஸ் வெறும் பணப்பேயாகவும் சுருங்கிவிடுகின்றனர். அவ்வாறு சுருக்குவதால் சபையார் அடையும் பயன் ஒன்றே: தாங்கள் அவர்களைப் போன்றவரல்லர் என்னும் நிம்மதி.

அந்நிம்மதி ஆபத்தானது. தீமை எப்போதும் வெளியே, வேறொரு முகத்தில் இருக்கிறது என்று பழகிய சபை, ஒரு நாள் அம்முகத்தைத் தன் அண்டை வீட்டில் கண்டுபிடிக்கும். லீசாவை எரித்த நெருப்பு கற்பனை. அதன் பின்னணி கற்பனையன்று. 1692-இல் சேலம் என்னும் அமெரிக்கச் சிற்றூரில் சூனியக் குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப்பட்டோர் 19 பேர். தூக்கிலிட்டோர் நம்மைப் போன்ற சீர்திருத்தத் திருச்சபையினர். நம் நாட்டிலும் பெண்களைச் சூனியக்காரி என முத்திரையிட்டுத் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகாரில் 1999-இலும் ஒடிசாவில் 2013-இலும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. பிள்ளையற்றவளையோ மனநோயுற்றவனையோ 'பேய் பிடித்தது' என்று சபை நடுவில் நிறுத்தும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனைத் தடுக்கும் பொறுப்பு ஆயருடையது. அரக்கனிடத்தும் மனிதனைக் காணப் பழகிய கண், மனிதனை அரக்கனாக்க எளிதில் இசையாது.

இதனால் தீமையை மென்மையாக்க நாம் கூறவில்லை. ஒருவனை விளங்கிக்கொள்வது வேறு. அவன் செயலை ஏற்பது வேறு. லீசாவை இழந்த துயரம் ஊர்களை அழித்ததற்கு ஈடாகாது. சுண்ணம் படியத் தழுவிய அன்பு யானையை ஏவியதற்கு விடையாகாது. கம்பர் இரண்டையும் ஒருசேரச் சொன்னார். வைணவராய்ப் பிறந்து கிறிஸ்துவை ஏற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்துக்குக் கம்பரிடமே கவிநடை பயின்றார். நாம் பாத்திரங்களை நோக்கும் முறையையும் அவரிடம் பயிலலாம்.

திடப்படுத்தல் வகுப்பிலோ வாலிபர் கூட்டத்திலோ இத்தகைய தொடரைப் பற்றிய பேச்சு எழும்போது மூன்று வினாக்களை முன்வைக்கலாம். இத்தீயோனிடம் இருந்த நன்மை யாது? அது எவ்விடத்தில் திரிந்தது? திரும்பும் வாய்ப்பு வந்தபோது அவன் என் செய்தான்? டிராகுலாவைக் குறித்தும் இரணியனைக் குறித்தும் சவுலைக் குறித்தும் இவற்றை வினவி முடித்தபின், நான்காவதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒவ்வொருவரையும் விட்டுவிடலாம். அப்பெயரை அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டுவதில்லை.