விமான எஞ்சின் எண்ணெய்ப் பரிசோதனை: எதுவரை நம்பலாம்?

அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் எஞ்சின்களுக்குச் செய்துவந்த எண்ணெய்ப் பரிசோதனையை, 1950களின் நடுவில் அந்நாட்டுக் கடற்படை விமானங்களுக்குக் கொண்டுவந்தது. உலோகம் உரசும் இடங்களில் உதிரும் நுண்துகள்கள் எண்ணெயில் கலக்கின்றன. அந்த எண்ணெயை மின்பொறியில் எரித்தால் ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளிவிடும். எது, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லிவிடும்.

எஞ்சினைப் பிரிக்காமலே தேயும் பாகத்தை ஊகிக்க முடிவதே இதன் பலம். பிஸ்டன் எஞ்சினில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால், ஏர் பில்டரைத் தாண்டித் தூசி புகுந்து சிலிண்டரை அரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெட் எஞ்சினில் இரும்போடு மாலிப்டினமும் வனேடியமும் தென்பட்டால் சந்தேகம் பேரிங் மீது விழும். பேரிங்குக்குப் பயன்படும் எம்50 எஃகில் அவை கலந்திருக்கின்றன.

ஆனால் ஏறத்தாழ 10 மைக்ரானைத் தாண்டிய துகள்கள் பொறியில் முழுதாக எரிவதில்லை. உலோக அயர்ச்சியால் பேரிங்கிலிருந்து பெயரும் செதில்கள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. ஆபத்து முற்ற முற்ற இந்தக் கருவியின் பார்வை மங்குகிறது என்பதே இதன் அடிப்படைக் குறை. நுண்ணிய ஆயில் பில்டர் சிறு துகள்களையும் பிடித்துக்கொள்கிறது. புது எண்ணெய் ஊற்றினால் அளவு நீர்த்துப்போகிறது. மாதிரி எடுப்பதிலும் பக்குவம் உண்டு: எஞ்சினை நிறுத்திச் சூடு ஆறுமுன், முதலில் வடிவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். தவறினால் அடியில் தங்கிய கசடுதான் ஆய்வகத்துக்குப் போகும்.

பெரிய செதில்களைப் பிடிக்கத்தான் எண்ணெய்ப் பாதையில் காந்த முனை வைக்கிறார்கள். பில்டரை வெட்டிப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவற்றுக்கும் எல்லை உண்டு. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரோய் தீவருகே இசி225 ஹெலிகாப்டர் விழுந்து 13 பேர் இறந்தனர். கியர்பாக்ஸின் பல்சக்கரம் ஒன்றில் மேற்பரப்புக்கு அடியில் விரிசல் வளர்ந்திருந்தது. செதில்கள் அதிகம் உதிராததால் துகள் கண்டறியும் அமைப்பு எச்சரிக்கவே இல்லை.

எனவே, மெல்ல வளரும் தேய்மானத்தைப் பிடிக்க எண்ணெய்ப் பரிசோதனை அவசியம். அதிலும் ஒரு தடவை வந்த அளவைவிட, பறந்த மணிக்கணக்கோடு அது ஏறும் வேகமே முக்கியம். அளவு ஏறினால் எஞ்சினைச் சோதிக்க அதுவே போதிய காரணம். அளவு ஏறவில்லை என்பது வேறெந்தச் சோதனையையும் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. இந்த வேறுபாட்டைப் பராமரிப்பு விதிகளே வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.