கதைப் பெயரும் நாயினமும்: ஸ்கொட்டின் ‘கை மானரிங்’ குறித்துச் சில சிந்தனைகள்

ஒரு நாவலிலே உயிர்த்துடிப்புள்ள பாத்திரம் ஒன்றைக் கண்டதும், ‘இதன் மூலவர் யார்?’ என்று தேடுவது வாசகர் வழக்கம். ஆசிரியர் கண்ட மனிதரே கதையிற் புகுந்தார் என்ற நம்பிக்கை இத்தேடலின் அடிப்படை. சேர் வோல்ற்றர் ஸ்கொட், தம் பெயரை மறைத்து 1815இல் வெளியிட்ட ‘கை மானரிங்’ நாவலில் வரும் டாண்டி டின்மொன்ற் விடயத்தில் இந்நம்பிக்கை தலைகீழாகின்றது. கதையிற் பிறந்த பெயர் முதலில் ஒரு மனிதர்மீது ஏறிற்று. பின்னர் ஒரு நாயினத்தின்மீது ஏறி, அங்கேயே நிலைத்துவிட்டது.

டின்மொன்ற், ஸ்கொத்லாந்தின் தென்னெல்லையிலுள்ள லிடெஸ்டேல் பள்ளத்தாக்கின் குத்தகைக் கமக்காரன். உடல்வலியும் வெள்ளையுள்ளமும் எல்லைத் தகராறுகளில் தீராத ஆர்வமும் உடையவன். அவன் வீட்டில் ஆறு ரெரியர் நாய்கள். அவற்றுக்குப் பெயர்களோ இரண்டுதான்: மிளகு, கடுகு. முதிய மிளகு, இளைய மிளகு, சின்ன மிளகு; கடுகும் அவ்வாறே மூன்று. கருஞ்சாம்பல் நிறத்தவை மிளகு, மஞ்சட் சாயலுடையவை கடுகு. (தாளிதத்துக்குரிய கருங்கடுகையே அறிந்த நம்மவர், மேலைநாட்டார் மேசையில் வைக்கும் அரைத்த கடுகின் மஞ்சளை இங்கு நினைத்துக்கொள்ளல் வேண்டும்.) முதலில் எலி, அடுத்துக் கீரியை ஒத்த சிறுவிலங்குகள், இறுதியில் நரியும் பட்ஜரும் எனப் படிமுறையாகப் பழக்கினால் அவை எதற்கும் அஞ்சா என்பது அவன் பெருமை. இப்பேச்சு நாவலிற் கொள்ளும் இடம் மிகச் சிறிது. அவ்வினத்தின் புகழ் முழுவதும் அதிலிருந்தே கிளைத்தது.

நூல் வெளிவந்ததும் எல்லைப்புறத்தார் தமக்குள் ஒரு முடிவுக்கு வந்தனர். ஹிண்ட்லீ என்னும் மலைப்பண்ணையிலே குத்தகைக்கிருந்த ஜேம்ஸ் டேவிட்சன், தம் நாய்களையெல்லாம் மிளகென்றும் கடுகென்றுமே அழைத்துவந்தார். ஆகவே அவரே டின்மொன்ற் எனப்பட்டார். ஸ்கொட்டோ நாவலை எழுதும்வரை அவரைச் சந்தித்ததில்லை. நாய்ப்பெயர் பற்றிய செய்தியே அவர் காதுக்கு எட்டியிருந்தது. பிற்காலத்தில் எழுதிய குறிப்பொன்றில், டின்மொன்ற் தனியொருவரைப் பார்த்து வரைந்த உரு அன்று, லிடெஸ்டேல் கமக்காரர் பன்னிருவரேனும் அவ்வுரிமை கோரலாம் என்று அவர் தெளிவுபடுத்தினார். ஆயின் ஊர் கேட்கவில்லை. உயர்குடிப் பெண் ஒருவர் நாய்ச்சோடி வேண்டி, ‘டாண்டி டின்மொன்ற்’ என்றே முகவரியிட்டு எழுதிய கடிதம் நேரே டேவிட்சன் கைக்குப் போய்ச் சேர்ந்தது! அவரும் மகிழ்ந்து நாய்களை அனுப்பினார். எனினும் ஆசிரியர் எழுதியது தம்மைப்பற்றியன்று, தம் நாய்களைப்பற்றியே என்று அவர் சொன்னதாக ஸ்கொட் பதிந்துள்ளார். 1820இல் இறந்த இக்கமக்காரரின் கூற்று, மூலவரைத் தேடி அலைந்த திறனாய்வாளர் பலரது கருத்தினும் நுட்பமானது. ஸ்கொட்டின் மருமகனும் வரலாற்றாசிரியருமான லொக்கார்ட்டே மில்பேர்ன்ஹோமைச் சேர்ந்த வில்லி எலியட் என்பவரை மூலவர் எனக் காட்ட முனைந்தார் அல்லவா?

வரலாற்று நாவல் பற்றிய தமது நூலிலே ஸ்கொட்டைப் பெரிதும் போற்றிய லூக்காச், யதார்த்தப் படைப்பின் உயிர்நிலையாகக் கொண்டது வகைமாதிரியை. ஒரு வர்க்கத்தின் பொதுப்பண்புகள் தனிமனிதன் ஒருவனின் குரலிலும் கிறுக்கிலும் கூடிவரும்போதே வகைமாதிரி பிறக்கின்றது. டின்மொன்றிடத்துப் பொதுமையை வழங்கியவர் பன்னிருவர். கிறுக்கை வழங்கியவர் ஒருவர். வாசகர் கிறுக்கைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டனர். ‘இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி’ என்னும் வாய்பாடு இங்குப் போதாது. கண்ணாடியிற் கண்ட முகத்தை எவரும் அயலவர்மீது ஒட்டிவிடுவதில்லை.

இப்புகழில் ஒரு மௌனமும் உண்டு. நாயினத்தின் வரலாற்றை எழுதியோர் பலர், அதன் முன்னோரை எல்லைப்புற நாடோடிகளிடத்தும் தகரவேலைக்காரரிடத்தும் காண்பர். நோதம்பலாந்தின் ரொத்பெரிப் பகுதியில் வாழ்ந்து, நீர்நாய் வேட்டைக்கு ரெரியர்களை வளர்த்த குழலிசைக் கலைஞன் ‘பைப்பர்’ அலன் (1704–1779) அவர்களால் முதற்கண் பேசப்படுபவன். அத்தகைய நாடோடிகளை ஸ்கொட் மறந்தவரல்லர். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த டேர்ன்கிளூ குடிசைகளிலிருந்து ஜிப்சிகள் துரத்தப்படுவதும், மெக் மெரிலிஸ் நிலக்கிழானைச் சபிப்பதும் இந்நாவலின் மிக வலிய பகுதி. அக்காட்சியின் முன் டின்மொன்றின் விருந்தோம்பல் நிறம் மங்கிவிடும். ஆயினும் நிலத்திற் காலூன்றிய கமக்காரனுக்கே நாய்கள் உரித்தாகின. துரத்தப்பட்டோருக்கு நாவல் சாபத்தையே விட்டுவைத்தது. இப்பங்கீட்டைச் செய்தவர் ஸ்கொட் மட்டுமல்லர். கடிதம் எழுதிய சீமாட்டி முதல் நாய்க்கண்காட்சி நடத்தியோர் வரை பலர் அதில் உடந்தையானோர்.

பிரித்தானியக் கெனல் கழகம் 1873இல் தோன்றிற்று. இரண்டாண்டுகளின் பின், 1875இல், டாண்டி டின்மொன்ற் ரெரியர் கழகம் செல்கேர்க் நகரில் அமைக்கப்பட்டது. ஸ்கொட் நீண்டகாலம் ஷெரிப் பதவி வகித்த கோட்டத்தின் தலைநகர் அதுவே. ‘டாண்டி டின்மொன்றின் ரெரியர்கள்’ என்றிருந்த வழக்கில் வேற்றுமையுருபு உதிர்ந்து, உடைமையாளன் பெயரே உடைமையின் பெயராயிற்று. நீண்ட உடல், குறுங்கால்கள், தலையிற் பட்டுப்போன்ற மயிர்க்கொண்டை என இலக்கணமும் வகுக்கப்பட்டது. பட்ஜரோடு பொருதும் வீரம் கண்காட்சி மேடைக்குத் தேவைப்படவில்லை. பட்ஜரும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரித்தானியாவிற் பாதுகாப்புப் பெற்றுவிட்டது. இன்று இவ்வினம் ஆண்டுக்கு முந்நூறுக்கும் குறைவான குட்டிகளே பதிவாகும், அருகிவரும் உள்நாட்டு இனங்களின் பட்டியலில் உள்ளது. அந்த இலக்கணத்தில் இதற்கு அனுமதிக்கப்பட்ட நிறங்கள் இரண்டே: ஒன்று மிளகு, மற்றது கடுகு.