பனித்தளத்தில் காணாமல் போன பெண்

பண்டிகை வந்தால் ஆடியே தீர வேண்டிய கதை என்று ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் கோடை பிறந்தால் பாரதக் கூத்து. மேற்கு நாடுகளில் டிசம்பர் பிறந்தால் ‘நட்கிராக்கர்’ பாலே. 1892இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சைகோவ்ஸ்கியின் இசையோடு அரங்கேறிய அந்த நடன நாடகத்தைப் பிறகு பனித்தளத்துக்கும் கொண்டுபோனார்கள். 1983இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஒரு வடிவத்தில், ஒலிம்பிக் தங்கம் வென்ற டோரதி ஹாமில் அதை ஸ்கேட்டிங்கில் ஆடினார்.

கதை சிறியது. கிறிஸ்துமஸ் இரவில் எலிகளின் அரசன் மீது செருப்பை வீசித் தன் பொம்மையைக் காப்பாற்றுகிறாள் ஒரு சிறுமி. அதற்குப் பரிசாக அவளை இனிப்புகளின் நாட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். அங்கே அவளுக்கு வேலை இல்லை. பெரும்பாலான மேடையேற்றங்களில், இரண்டாம் பாதி முழுக்க உட்கார்ந்து ஸ்பானிய நடனம், அரேபிய நடனம், சீன நடனம் என்று வரிசையாக வேடிக்கை பார்க்கிறாள். ஸ்பெயின் சாக்லேட், அரேபியா காபி, சீனா தேநீர். துணிந்து ஒரு காரியம் செய்த பெண்ணைப் பார்வையாளராக உட்காரவைப்பதும், அடுத்தவர் நடனத்தைத் தட்டில் வைத்த பண்டமாக்குவதும் இந்தப் பாலேயில் சேர்ந்தே நடக்கின்றன.

இந்தியப் பண்டிகை நடனம் ஒன்றும் பனித்தளத்துக்குப் போயிருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவும். 2009-10 பருவத்தில் ஐஸ் டான்ஸ் போட்டியின் ஒரு சுற்றுக்கு ‘நாட்டுப்புற நடனம்’ என்பது கருப்பொருள். அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் ஜோடி இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, இந்தி சினிமாப் பாடல்களைத் தொகுத்து ஆடியது. அவற்றுள் ஒன்று ‘தேவதாஸ்’ படத்தின் ‘டோலா ரே டோலா’. 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கில் இந்த ஜோடி வெள்ளி வென்றது. அதே போட்டியில் ஆஸ்திரேலியப் பழங்குடி நடனம் என்று சொல்லி ஆடிய ரஷ்ய ஜோடியை அந்தப் பழங்குடித் தலைவர்கள் கண்டித்தார்கள். டேவிஸும் ஒயிட்டும் இந்திய நடனம் கற்றுத்தரும் ஒருவரிடம் முறையாகப் பயின்றுவிட்டு வந்தவர்கள். நம்மவர்கள் அதைப் பெருமையோடு பகிர்ந்துகொண்டார்கள். பண்பாட்டை மதித்தார்களா, அவமதித்தார்களா என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துபோனது. அந்த நடனத்தில் யார் யாரோடு ஆடினார்கள் என்பது பேசப்படவில்லை.

‘டோலா ரே’ இரண்டு பெண்கள் ஆடும் நடனம். சரத் சந்திரரின் ‘தேவதாஸ்’ நாவல் வெளிவந்தது 1917இல். நம் வீடுகளுக்கு அந்தக் கதை 1953இல் சாவித்திரியும் லலிதாவும் நடித்த படமாக வந்தது. நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் சந்திப்பதே இல்லை. ஒருத்தி மணமாகிப்போன குடும்பப் பெண், மற்றொருத்தி ஆடல் மகள். நடுவில் ஒரு குடிகாரன். 2002இல் வந்த இந்திப் படம் இருவரையும் சந்திக்க வைத்தது. துர்க்கை சிலைக்குக் கணிகையர் வீட்டு மண் வேண்டும் என்ற வங்காள வழக்கத்தைக் காரணமாக்கி, பாரோ சந்திரமுகியின் வாசலுக்குப் போகிறாள், பூஜைக்கு அழைக்கிறாள். சந்திரமுகி வருகிறாள். ஜமீன் மாளிகையின் முற்றத்தில் இருவரும் ஒரே நிறச் சேலையில், ஒரே அடவில், ஒருவரையொருவர் பார்த்தபடி ஆடுகிறார்கள். பாட்டில் தேவதாஸ் இல்லை.

படத்தின் ஆடம்பரத்திலும், பெண்ணுடலைக் கேமரா மேயும் விதத்திலும் எனக்குப் புகார்கள் உண்டு. ஆடி முடித்ததும் சந்திரமுகி யாரென்று சபையில் அம்பலப்படுத்தப்படுகிறது. பாரோ வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். சேர்ந்து ஆடியதற்கு இருவருமே தண்டனை பெறுகிறார்கள். ஆனாலும் அந்தச் சில நிமிடங்களில், ஒருவனுக்காகப் போட்டியிட வேண்டியவர்கள் என்று கதை வகுத்துவைத்த இருவர் தோழிகளாகிறார்கள்.

தமிழ் படித்தவளுக்கு இதைப் பார்க்கும்போது பூம்புகார் நினைவுக்கு வராமல் இருக்காது. கண்ணகியும் மாதவியும் சிலம்பில் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. இந்திர விழாவில் ஊரே கூடுகிறது, கண்ணகி அங்கில்லை. ஆனால் அந்தக் காதையின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிப்பதை இளங்கோ ஒரே வாக்கியத்தில் சேர்த்துவைக்கிறார். வெவ்வேறு வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களைச் சேர்க்க அந்தக் காப்பியத்துக்கு அங்கே கிடைத்தது ஒரு வாக்கியம்தான். மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி ஒரு படி மேலே போகிறாள். தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகள் என்கிறாள். சந்திக்காமலேயே வளர்ந்த உறவு அது.

இந்திர விழாப் பகுதியை எம்.ஏ. வகுப்பில் நடத்தும்போது, ‘டோலா ரே’ பாட்டையும் வான்கூவர் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். அவர்கள் வேகத்தைப் பார்த்து வகுப்பே வாய் பிளந்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும், “மேடம், மாதவிய எடுத்துட்டு கோவலன வெச்சுட்டாங்க” என்றாள். இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வாக்கியத்தின் விரிவுரை என்றே சொல்லலாம்.

ஏன் அப்படி ஆனது? ஐஸ் டான்ஸில் ஜோடி என்றால் ஓர் ஆண், ஒரு பெண் என்பது சர்வதேச விதி. நடுவர்களின் மதிப்பெண் தொடங்கும் முன்பே அந்த விதி கதையை மாற்றி எழுதிவிடுகிறது. ஒயிட்டும் டேவிஸும் மிகச் சிறந்த கலைஞர்கள். கைமுத்திரைகளில் அக்கறை இருந்தது. அவர்கள் செய்த பிழை என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பெண்களின் ஆட்டம் அந்தத் தளத்தில் ஆண்-பெண் காதலாட்டமாக மட்டுமே நுழைய முடியும். இந்த விளையாட்டின் விதிகள் பெண்ணுடலை எப்போதும் கண்காணித்தே வந்திருக்கின்றன. ஒற்றையர் பிரிவில் பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று 1988க்குப் பிறகு விதி கொண்டுவந்தவர்கள், கால்சட்டையை அனுமதித்தது 2004இல்தான்.

காணாமல் போனவள் சந்திரமுகி மட்டுமல்ல. ‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லுக்குள் இன்னொரு பெண்ணும் மறைந்தாள். இந்த நடனத்தை அமைத்தவர் சரோஜ் கான். இதற்காகத் தேசிய விருது பெற்றவர். தேவதாசி ஒருத்தியின் கதையைச் சொன்ன ‘சிருங்காரம்’ என்ற தமிழ்ப் படத்துக்காகவும் அதே விருதைப் பெற்றார். படைத்தவரின் பெயர் தெரிந்த ஒரு நடனத்தை நாட்டுப்புறக் கலை என்று வகைப்படுத்தும்போது, அது ஒரு தேசத்தின் பொதுச் சொத்தாகிவிடுகிறது. அதைச் செய்தவளின் உழைப்பு பேசப்படாமல் போகிறது. இனிப்பு நாட்டில் ‘சீன நடனம்’ என்று அறிவிப்பதும் இதே வகைதான்.

ஒரு மறுப்பு எழலாம். எங்கள் பக்கத்துக் கூத்திலும் காலங்காலமாக ஆண்கள்தானே திரௌபதி வேடம் கட்டினார்கள்? பெண் பாத்திரத்தை ஆண் ஆடினால் என்ன குறை? நியாயமான கேள்விதான். கூத்தில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டது அநீதி. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் வேடம் கட்டக் கற்றுத்தந்த பிறகுதான் அது கொஞ்சம் அசைந்தது. ஆனால் கூத்தில் ஆண் சேலை கட்டி வந்தால், விடியும்வரை அவர் திரௌபதி. அவர் விரித்த கூந்தலைக் கண்டு முன்வரிசைக் கிழவிகள் அழுகிறார்கள். பனித்தளத்தில் ஒயிட் சந்திரமுகியாகவில்லை. பாட்டுக்குள் இல்லாத தேவதாஸை உள்ளே கொண்டுவந்தார். கூத்தில் ஆள் மாறியது, பாத்திரம் நின்றது. இங்கே பாத்திரமே போய்விட்டது.

பொங்கலுக்குக் கும்மி கொட்டும் பெண்களைக் கவனித்தால் தெரியும். வட்டத்துக்குள் திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆடுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் அந்தப் பார்வையை நடுவர் மேசைக்கு முன்னால் வைப்பது எளிதல்ல.

2022 டிசம்பரில் கனடாவின் ஸ்கேட்டிங் அமைப்பு, ஜோடி என்றால் இரண்டு ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான் என்று தன் நாட்டுப் போட்டிகளுக்கான விதியை மாற்றியது. ஒலிம்பிக்கில் பழைய விதி தொடர்கிறது. கனடாவில் நம் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் இருவர் ‘டோலா ரே’வையோ, பூம்புகாரின் அந்த இரண்டு பெண்களையோ பனியில் ஆட நினைத்தால் இப்போது வழியிருக்கிறது. யார் யாரைத் தூக்குவது, யார் முன்னால் சறுக்குவது என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிவுசெய்துகொள்ளட்டும்.