மிளகு இல்லாத மிளகு மாளிகை

ஊரிலிருந்து உறவுக்காரர் யாராவது கோடை விடுமுறைக்கு வந்தால், நம் கொச்சித் தமிழ்க் குடும்பங்களில் அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போவது ஃபோர்ட் கொச்சிக்குத்தான். சீன வலை, பழைய தேவாலயம், ஆளுக்கொரு ஐஸ்கிரீம், உடனே திரும்புகால். கல்வத்திப் பாலத்தைத் தாண்டி பஜார் ரோடு வழியாக ஜூ டவுன் வரைக்கும் கால்நடையாகப் போகிறவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். 2024இல் ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ வந்த பிறகு, ஹைகோர்ட் ஜெட்டியில் ஏறினால் குளுகுளுவென்று வந்து இறங்கிவிடலாம். அதன் பிறகுதான் வியர்வை.

மே மாதத்தில் நடக்கச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியன்னாலே கலைவிழா டிசம்பரிலிருந்து மார்ச் வரை நடப்பது. அந்த மாதங்களில் வந்தால் ஓவியத்தைப் பார்ப்பீர்கள், இடத்தைப் பார்க்க மாட்டீர்கள். கோடையில் ஆஸ்பின்வால் மாளிகையின் கதவுகள் சாத்திக் கிடக்கும். அப்போதுதான் புதுப்பிக்கப்பட்ட துறைமுகப் பேட்டை எதைக் காப்பாற்றியது, எதைக் கைவிட்டது என்று நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியும். மிளகு, சுக்கு வியாபாரத்திலேயே காலத்தைப் போக்கியவன் நான். வரவு செலவு பார்க்காமல் எனக்கு எதையும் ரசிக்கத் தெரியாது.

வரவை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். வள்ளத்தில் வந்த மூட்டை பின்பக்கம் ஏறும், பேரம் முன்பக்கம் நடக்கும். 1920இல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். கப்பல் அங்கே போயிற்று. பிறகு லாரி வந்தது, கண்டெய்னர் வந்தது. 2011இல் வல்லார்பாடம் முனையமும் வந்தது. காயல் பக்கத்துக் கதவுகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அந்த நிலையில் கலைவிழா வந்திராவிட்டால் 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் கட்டடங்களை இத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நன்றியை மறைக்கக் கூடாது.

செலவு அதிகம் என்பதுதான் என் வழக்கு. பெப்பர் ஹவுஸ் என்று ஒரு பழைய கிடங்கு. நடுவில் முற்றம், சுற்றிலும் ஓட்டுக் கூரை, எதிரே தண்ணீர். அழகுக்குக் குறையில்லை. காப்பியும் கிடைக்கும், புத்தகமும் கிடைக்கும். ஆனால் பெயரில் இருக்கிற மிளகு இங்கே எப்படி வந்தது, எப்படிப் புடைத்தார்கள், பொக்கு மிளகை எப்படிப் பிரித்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. மிளகை வெறும் எடையால் மட்டும் வாங்குவதில்லை என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு லிட்டர் அளவையில் கொட்டித் தலைதட்டி நிறுத்தால் 550 கிராம் வர வேண்டும். அது நல்ல சரக்கு. குறைந்தால் உள்ளே பொக்கு என்று அர்த்தம். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்புதான்.

ஜூ டவுனில் ஒரு கடையில் பெரிய தராசு ஒன்றைத் தொங்கவிட்டு, தட்டில் பூச்செடி வைத்திருந்தார்கள். முள் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. "ஆன்டிக் சாரே, நோக்கிக்கோ" என்றான் கடைப் பையன். உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் களவு செய்யாமை என்ற விரதத்துக்கு ஏற்படும் குற்றங்களைச் சொல்லும்போது, கூடக்குறைய அளக்கும் எடையையும் அளவையையும் சேர்த்திருக்கிறார். எங்கள் சமண வீடுகளில் தராசு அறத்தோடு சேர்ந்த பொருள். அதில் செடி வைக்கலாம், பாபம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு வாயிதா சந்தையில், கூவிக் கூவிப் பேசிய விலைக்கு உலகமே காது கொடுத்த காலம் உண்டு. பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து அந்தக் கூச்சலும் அடங்கிவிட்டது. இதைச் சொல்லாத தெரு எதைப் பாதுகாத்ததாம்?

முசிறியின் பெயரை விழாவுக்குச் சூட்டியிருக்கிறார்கள். சூட்டட்டும். யவனர் கலம் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் சொல்லியிருக்கிறார். வியன்னாவில் இருக்கிற கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு, முசிறி வியாபாரக் கடன் ஒப்பந்தம். அதன் மறுபக்கத்தில் ஹெர்மாப்போல்லோன் என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம் முதலான சரக்கின் எடையும் மதிப்பும் எழுதியிருக்கிறது. முசிறியின் பெருமையை நமக்குக் காட்டிக் கொடுத்ததே ஒரு கணக்குத்தான். அந்தப் பெயரைத் தாங்கிய இடத்தில் கணக்கு இல்லை என்பதே என் குறை.

சரக்கு முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. பஜார் ரோட்டில் அரிசி மண்டிகள் இருக்கின்றன. சுக்குக் கிடங்கு முற்றத்தில் வெயிலில் பரப்பிய சுக்கைப் பெண்கள் புரட்டிப் போடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அவர்களைப் படம் பிடிக்கிறார்கள், பேச்சுக் கொடுப்பதில்லை. "சேச்சி, இது எவிடத்தே சரக்கு?" என்று நான் கேட்டதற்குக் கையில் ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்து, "மணம் நோக்கி பறயூ" என்று என்னையே சோதித்தார் ஒருவர். அந்த அரை நிமிஷத்தில் கிடைத்த பாடம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை.

நம்மவர் சங்கதியும் ஒன்று உண்டு. டச்சுக்காரர் தம் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. வெளியில் உள்ள தோபிக்கானா 1976இல் அவர்களுக்காகக் கட்டப்பட்டது. இன்றும் கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள், முறுக்குக் கயிற்றில் கிளிப் இல்லாமல் செருகிக் காயப்போடுகிறார்கள். அதுவும் இப்போது ஒரு காட்சி. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்த் தமிழில் நாலு வார்த்தை பேசினால் அது காட்சியாக இருக்காது.

எனக்கு மியூசியம் எதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு கிடங்கில் ஓர் அறை போதும். முறம், சல்லடை, லிட்டர் அளவை, நேராக நிற்கிற ஒரு தராசு, பக்கத்தில் இந்தத் தொழில் செய்து ஓய்ந்த ஒருவர். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள், தள்ளிப்போட நேரமில்லை. என்னிடம் பழைய பித்தளை லிட்டர் அளவை ஒன்று சும்மா கிடக்கிறது. யார் அறை கொடுத்தாலும் கொண்டுபோய் வைக்கத் தயார்.