தளபதியின் ஏடும் தெருவின் ஏடும்

போரில் தோற்றவன் பெயரால் நூலுக்குப் பெயரிடுவது பரணியின் மரபு. வென்றவன் சோழன், நூலோ கலிங்கத்துப்பரணி. நம் புலவர்கள் பாடிய படைப்போர் இலக்கியங்களை வீட்டுத் திண்ணைகளில் ஓதக் கேட்ட தலைமுறைக்கும் களத்தின் இரு பக்கத்தையும் பார்க்கும் பழக்கம் உண்டு. அண்மைக் காலப் போர் நூல்களைப் படிக்குங்கால் அப்பழக்கம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்திய அமைதி காக்கும் படையின் தளபதியாய் யாழ்ப்பாணத்தில் இருந்த மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் நெஞ்சுப் பகுதி 1987 அக்டோபர் 11 நள்ளிரவு. புலிகளின் தலைமையைப் பிடிக்கவென யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கின. வானொலிப் பேச்சை ஒட்டுக் கேட்டிருந்த புலிகள் சுற்றிலும் பதுங்கிக் காத்திருந்தனர். முதலில் இறங்கிய கமாண்டோக்கள் இலக்கை நோக்கி நகர்ந்துவிட்டார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் பதின்மூன்றாம் பட்டாளத்தார் முப்பது பேர் மட்டும் மைதானத்தில் நின்றார்கள். ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டமையால் எஞ்சியோர் வரவில்லை. மறுநாள் தோட்டா தீரும் வரை போராடி இருபத்தொன்பது பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார்.

ஹர்கிரத் சிங் சினத்தோடு எழுதுகிறார். உளவுத்துறை தகவல் தரவில்லை, மேலிடமும் தூதரகமும் குழப்பின என்பது அவர் வழக்கு. பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தூதர் தீட்சித் சொன்னதாகவும், தாம் மறுத்ததாகவும் அவர் எழுதியிருப்பது நூலின் மிக வலிய பக்கம். வெள்ளைக்கொடியின் கண்ணியத்தை அறிந்த போர்வீரர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பகைவன் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியை நம்பி, நள்ளிரவில், பகுதி பகுதியாக ஆட்களை இறக்கிய திட்டத்துக்கு யார் பொறுப்பு? அவ்விடத்தில் அவர் விரல் எப்போதும் வெளியே நீள்கிறது. நூலின் பெருங்குறை இதுவென்பது நம் துணிபு.

மற்றொரு குறையும் உண்டு. மைதானத்தைச் சுற்றி வீடுகள் இருந்தன. சிக்கிய கமாண்டோக்களை மீட்க ரயில் பாதை வழியே டாங்கிகள் வந்தன. அந்நாளில் கொக்குவில் பிரம்படிப் பகுதியில் குடிமக்கள் பலர் உயிரிழந்தனர். அதே மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையால் கொல்லப்பட்டனர். தளபதியின் கணக்கேட்டில் இவர்களுக்கு இடம் எவ்வளவு என்று தேடிப் பார்ப்பவர் ஏமாறுவர்.

அவர்களைத் தேட வேண்டிய ஏடு வேறு. அப்பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய 'முறிந்த பனை' அது. மக்கள் நடுவே நின்று சுட்டுவிட்டு விலகிய புலிகளையும், பதிலுக்கு மக்கள்மேல் பாய்ந்த இராணுவத்தையும் ஒரே தராசில் நிறுத்தினார்கள். நால்வருள் ஒருவரான உடற்கூற்றியல் ஆசிரியை ரஜனி திரணகம 1989 செப்டம்பர் 21இல் மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தளபதியின் நூல் ஓய்வுக்காலத்தில் எழுதப்பட்டது. இந்நூலோ துப்பாக்கிகளுக்கு நடுவே. நடையில் ஒழுங்கு குறைவு, தாவல்கள் மிகுதி; ஆயினும் எடைக்கு எடை இதுவே கனம்.

இரண்டு நூலையும் படித்த பின்னும் நமக்கு ஓர் ஆவல் அடங்கவில்லை. சீக்கிய இலகு காலாட்படை, மஸ்ஹபி, ராம்தாசியா எனும் ஒடுக்கப்பட்ட சீக்கியப் பிரிவினரிலிருந்து திரட்டப்படுவது. அந்த இருபத்தொன்பது பேர் எவ்வூர்ப் பிள்ளைகள், எந்தக் கடனுக்கும் கனவுக்கும் படையில் சேர்ந்தார்கள் என்று சொல்லும் ஏடு தமிழில் வேண்டும். ஏறத்தாழ 1200 இந்திய வீரர்கள் மாண்ட பின் 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகம் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அம்முடிவை வாதிடத் தமிழில் ஆயிரம் கட்டுரைகள் உண்டு, அந்தப் பிள்ளைகளைப் பற்றி அரிது.

பொதட்டூர்பேட்டையில் தறிகளின் ஓசைக்கிடையே இவற்றைப் படிக்கும் நமக்கு யாழ்ப்பாணம் தொலைவன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டியில், ஈழத்து அகதிகளின் முகாம் இருக்கிறது. அந்த அக்டோபரைக் கண்ட முதியவர்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும். தளபதிகள் எழுதிவிட்டார்கள், தூதர் தீட்சித்தும் எழுதிவிட்டார். முகாமின் பாட்டிமார் சொல்லை எழுதிக்கொள்ள, நம் இளைஞர்கள் பேருந்து ஏறினால் அரை நாள் போதும்.