அடிக்கு முந்தைய நொடி

ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டையில் ஊறியவர்கள் கையைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்ப்பார்கள். குத்து கிளம்புமுன்பே தோள் அதைச் சொல்லிவிடும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாக மோதிய வடசென்னையின் ரோசமான குத்துச்சண்டை, ரசிகனுக்கும் அந்தக் கண்ணைக் கொடுத்தது.

அந்தக் கண்ணோடு ஆட வேண்டிய வீடியோ கேம் ‘ஹாலோ நைட்’. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செரி என்ற சின்னக் குழு 2017-இல் வெளியிட்டது. அழிந்துபோன ஒரு பூச்சி ராஜ்ஜியம், அதன் இருட்டுக்குள் வாளோடு இறங்கும் ஒரு குட்டி வீரன். புதுத் திறமை கைவந்தால் முன்பு அடைபட்டிருந்த வழி திறக்கும். மெட்ராய்ட்வேனியா வகையின் இலக்கணம் அது. ஓவியமும் இசையும் அருமை. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது சண்டைதான்.

காளான் காட்டுக்கு அடியில் மூன்று கும்பிடுபூச்சி அரசிகள் அரியணையில் இருக்கிறார்கள். நாமாகப் போய்ச் சவால் விட்டால்தான் சண்டை. முதலில் ஒருத்தி மட்டும் இறங்குகிறாள். அவளிடம் இருப்பது மூன்றே வித்தை: தரையோடு ஈட்டிப் பாய்ச்சல், தலைக்கு மேலிருந்து குத்து, சுவரைப் பற்றிக்கொண்டு வளைந்து வரும் வீச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கணம் உடல் அதற்கான நிலைக்கு வந்து நிற்கும். அவள் விழுந்ததும் மற்ற இருவரும் சேர்ந்து இறங்குகிறார்கள். வித்தை அதே மூன்றுதான், ஆனால் இப்போது இரண்டு உடல்களை ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். புதிதாக எதையும் சேர்க்காமல் சண்டையை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடிகிறதே, அதற்குத்தான் கைதட்டத் தோன்றுகிறது. வென்றுவிட்டால் மூவரும் தலைவணங்குகிறார்கள். அதுவரை நம்மைக் கண்டதும் பாய்ந்த அவர்கள் கூட்டமும் அதன் பிறகு நம்மைத் தொடுவதில்லை. பகையைத் தாண்டிய மரியாதை அது.

காயம் ஆற்றும் முறை இன்னும் நுட்பமானது. எதிரியை மூன்று முறை வெட்டினால்தான் ஒரு உயிர் மீட்கும் சக்தி சேரும். அதைப் பயன்படுத்தவும் ஏறக்குறைய ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். ஓடி ஒளிகிறவனுக்கு மருந்து கிடையாது. அடி வாங்கியவன் முன்னேறித்தான் ஆகவேண்டும். முன்னேறியவனுக்கு எப்போது நிற்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாத்தியார்கள் தொண்டை கிழியக் கத்திச் சொல்லித்தருவதை இந்த ஆட்டம் ஒரு விதியாகவே வைத்துவிட்டது.

அந்தக் கண்ணுக்குச் சினிமாவிலும் வேலை உண்டு. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தில் எல்லோரும் கொண்டாடியது டான்சிங் ரோஸ் சண்டையை. ரோஸாக வரும் ஷபீர் கல்லரக்கல் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, ஆட்டக்காரனைப் போல மிதக்கிறார். பிரிட்டிஷ் வீரர் நசீம் ஹமீதின் சாயல் அப்படியே தெரியும். வழக்கமாகச் சேதி சொல்லும் தோளையே பொய் சொல்ல வைத்துவிட்டான் ரோஸ். நாயகன் கபிலன் முதலில் திணறுகிறான். அந்த ஆட்டத்தின் தாளம் பிடிபட்ட பிறகுதான் அவன் குத்து போய்ச் சேர்கிறது. இன்னொரு எதிராளியான வேம்புலியோடு நடக்கும் கடைசிச் சண்டையில் கதையின் கனம் அதிகம். சண்டைக் கலை அதிகம் இருப்பது ரோஸிடம்தான் என்பேன்.

ரோஸுக்கு ஒரு தங்கை உண்டு என்றால் அது லேஸ். ‘ஹாலோ நைட்’டுக்கு அடுத்து 2025 செப்டம்பரில் வந்த ஆட்டமான ‘சில்க்சாங்’கில், உலைகளும் தீக்குழம்பும் கொதிக்கும் துறைமுகம் ஒன்றில் அவள் வழிமறிக்கிறாள். எண்ணூர்க்காரருக்கு அந்த இடம் அந்நியமாகவே தெரியாது. சிரித்துச் சீண்டுகிறாள், துள்ளுகிறாள், திடீரென்று வாளை நிறுத்திக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். வெட்டலாம் என்று கை துடிக்கும். அப்போது வெட்டினால் அதைத் தட்டிவிட்டு அவளே திருப்பி அடிப்பாள். அந்த ஒரு கணம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவருக்கு அவள் மற்ற அசைவுகளெல்லாம் திறந்த புத்தகம். இதுவரை கண்ட்ரோலரையே தொடாத குத்துச்சண்டை ரசிகர் யாராவது என்னைக் கேட்டால், முதலில் லேஸைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.